எழுத்து உனக்கு, இடம் எனக்கு

வஜீதாவுக்கு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரியும். சேர்த்துப் படிக்கத்தான் தெரியாது. பள்ளிகொண்டாவில் எட்டாவது வரை உருது மீடியத்தில் படித்தவள். தமிழ், பஸ் போர்டைப் பார்த்து ஏறி இறங்குகிற அளவுக்கு வரும். இங்கிலீஷ் என்றால் அவளைப் பொறுத்தவரை இது கூரை, அது கொக்கி, மற்றது கால் உடைந்த ஸ்டூல். அதற்கு மேல் அந்த எழுத்துகளோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் உருவங்களை வைத்து வேலை செய்யச் சொல்லுங்கள், அப்போது தெரியும் அவள் யாரென்று. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் ஹாலில் ஆறு வருஷமாக மார்க்கிங் வேலை. மாட்டுத் தோலை மேஜைமேல் விரித்து, எந்த இடத்தில் ஷூவின் எந்தத் துண்டை வெட்டுவது என்று வெள்ளிப் பேனாவால் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். தோல் என்ன துணியா, சதுரமாக மடித்து வர? நடுவில் முதுகெலும்புக் கோடு, அதன் இரண்டு பக்கமும் நல்ல இறுக்கம். வயிற்றுப் பக்கம் போகப் போகத் தளர்ச்சி. இங்கே உண்ணி கடித்த தழும்பு, அங்கே முள் கிழித்த கீறல். இத்தனைக்கும் தப்பி, இடது கால் வலது கால் துண்டுகளை ஜோடி ஜோடியாக, நிறம் மாறாமல், வேஸ்ட் கம்மியாக அடுக்கியாக வேண்டும். கட்டிங் சூப்பர்வைசர் ஆரோக்கியசாமி லேசில் யாரையும் பாராட்டிவிடுகிற ஆள் இல்லை. அவரே ஒருநாள் அவள் மார்க் பண்ணி வெட்டி முடித்த தோலின் மிச்சத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல இனிமே ஒரு கீ செயின் கூட எடுக்க முடியாதும்மா” என்றார். அன்று முழுக்க வஜீதாவுக்குக் கால் தரையில் படவில்லை.

மற்ற நாட்களில் பட்டது. பட்டதோடு நில்லாமல் வீங்கியது. நின்றபடியே செய்கிற வேலை அது. சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழைய மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

அவளுடைய தோஸ்த் ஃபீபி. விரிஞ்சிபுரத்துப் பெண். அப்பா தேவானந்தம் ரிட்டயர்டு வாத்தியார்; சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம், ஜெபத்துக்கு முன்னால் டிக்டேஷன் என்று மகளை வளர்த்தவர். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அதே கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்திருந்தாள். டப்பாவில் ஒட்டுகிற லேபிளில் ஊர்ப் பெயரும் சைசும் தப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கம்பெனி பஸ் வேலூரில் கிளம்பும். விரிஞ்சிபுரத்தில் ஏறுகிற ஃபீபி இருவர் சீட்டாகப் பார்த்துப் பிடித்து, பக்கத்தில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். பள்ளிகொண்டாவில் வஜீதா ஏறினதும் பை மடிக்குப் போகும். மூன்று வருஷமாக இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நாள் கூடப் பழுது வந்ததில்லை.

2007 மே மாதம் ஃபீபியின் கையில் ஒரு கலர் போன் வந்து சேர்ந்தது. அண்ணன் பழசாக வாங்கிக் கொடுத்தது. வேலூர் மொபைல் கடைக்காரன் அதில் ஒரு கேமும் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

“இன்னாடி அது, டொய்ங் டொய்ங்னு?” என்று கேட்டாள் வஜீதா.

“கேம். நாலாவது லெவல்லயே ஒரு வாரமா மாட்டிக்கினு இருக்கேன். பேஜாரா இருக்குது.”

வஜீதா எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு காலிக் கட்டம். அதற்குக் கீழே கோணல்மாணலாகச் சில துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்து. துண்டுகளை இடைவெளி விடாமல் கட்டத்துக்குள் அடைக்க வேண்டும். அடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரியையும் படித்தால் ஒரு வார்த்தை வர வேண்டும். ஃபீபி வார்த்தையைக் கண்டுபிடித்துவிடுவாள், ஆனால் கடைசியில் ஒரு துண்டு வெளியே நின்று பல்லைக் காட்டும்.

“அந்தக் கொக்கித் துண்ட மூலையில போடு. இத திருப்பி, அதும் மேல. இப்ப அந்த நீட்டுத் துண்டுக்கு இடம் வந்துச்சா?”

வந்தது. வார்த்தைதான் வரவில்லை. ஃபீபி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை மட்டும் இடம் மாற்றினாள். கட்டம் பச்சையாக மின்னியது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திடுக்கிட்டு விழிக்கிற மாதிரி இரண்டு பேரும் கத்தினார்கள்.

அன்று முதல் அது இருவர் ஆட்டம். “எழுத்து உனக்கு, இடம் எனக்கு” என்று வஜீதாதான் சொன்னாள். சொன்னபடியே நடந்தது. ஃபீபி வார்த்தையைச் சொல்லுவாள். வஜீதா துண்டை நகர்த்துவாள். ஒருத்திக்கு எழுத்தாகத் தெரிவது இன்னொருத்திக்கு வடிவமாகத் தெரிந்தது, இரண்டும் சேர்ந்தால்தான் கட்டம் நிறைந்தது. ஜூலை முடிவதற்குள் நாற்பது லெவல் தாண்டிவிட்டார்கள். வஜீதாவுக்கு அது கேமாகவே படவில்லை. தன் மூளையில் இல்லாத பாதி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று அவள் மனதாரச் சந்தோஷப்பட்டாள்.

கேமில் மட்டுமா? அந்தக் கம்பெனியில் எல்லா நோட்டீசும் இங்கிலீஷில்தான் ஒட்டுவார்கள். ஆடிட்டுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வேண்டுமாம். வேலை செய்கிறவர்கள் பார்ப்பதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. அதனால் கட்டிங், ஸ்டிச்சிங் எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு படிக்கிற தோஸ்த் உண்டு. லீவு எந்த நாள், ஓவர்டைம் யாருக்கு, எந்த கேட் மூடியிருக்கும், எல்லாம் அந்த தோஸ்த் சொல்லித்தான் தெரியும். வஜீதாவுக்கு ஃபீபி. அவள் படித்துச் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததில்லை. கண்ணில் பட்டதைக் கையிடம் கேட்டா சரிபார்க்கிறோம்?

வஜீதாவுக்கு ஒரு ஆசை இருந்தது. அது ஃபீபிக்கு மட்டும்தான் தெரியும். கட்டிங் ஹால் கோடியில் கண்ணாடி போட்ட ஒரு அறை. கம்ப்யூட்டர் ரூம். உள்ளே நான்கு பேர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் தோலின் படத்தைப் போட்டு, அதில் ஷூத் துண்டுகளை நகர்த்தி நகர்த்தி அடுக்குவார்கள். அவள் நின்றுகொண்டு செய்கிற அதே வேலை. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அந்தக் கண்ணாடி முன்னால் அரை நிமிஷம் நிற்பாள்.

“கேம் மாதிரியே இருக்குதுடி. அந்தச் சேர்ல ஒரு நாள் உக்காந்துட்டேன்னா போதும், அப்புறம் என்ன எழுப்பவே முடியாது. ஆனா அதெல்லாம் படிச்சவங்களுக்கு. நம்மள எவன் கூப்புடுவான்?”

“கூப்புடுவாங்க வஜீ. நீ வேணா பாரு” என்பாள் ஃபீபி. அப்போது அதை உண்மையாகத்தான் சொல்லியிருப்பாள். அதைக்கூட இல்லையென்று சொல்லிவிட்டால் இந்தக் கதையில் மிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் ஆரோக்கியசாமி தோல் வாங்கக் கான்பூர் போனார். திரும்பி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அவர் போன மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வஜீதா அதன் முன்னால் நின்று ஃபீபியைக் கூப்பிட்டாள்.

“இன்னாடி போட்டுருக்குது?”

ஃபீபி படித்தாள். ஒரு தடவை படித்தவள் மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு, “இஎஸ்ஐ கார்டுக்கு போட்டோ குடுக்காதவங்க குடுக்கணுமாம்” என்றாள்.

“நான் போன வருஷமே குடுத்துட்டேனே.”

“அப்ப உனக்கில்ல. வா, சாப்பிடலாம்.”

வஜீதா வந்தாள். அன்று அவளுடைய அம்மா, அவளுக்கு அம்மி, கட்டிக் கொடுத்திருந்த குஸ்காவில் பாதியை ஃபீபிக்கு அள்ளி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் கமலம், ஸ்டிச்சிங்கில் வேலை செய்கிற விரிஞ்சிபுரத்து அக்கா, முன் சீட்டிலிருந்து திரும்பி, “கம்ப்யூட்டர் ரூமுக்கு ஆள் எடுக்கறாங்களாமே, நெசமாடி?” என்று பொதுவாகக் கேட்டாள். வஜீதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபீபியைப் பார்த்தாள்.

“அது டிகிரி முடிச்சவங்களுக்குக்கா. நானும் விசாரிச்சேன்” என்றாள் ஃபீபி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அப்படியா என்று கமலம் திரும்பிக்கொண்டாள். வஜீதாவும் அப்படியா என்றுதான் நினைத்தாள். வேறு எப்படி இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மனசுக்குள் ஆசையைக் கொஞ்சம் ஓட விட்டதற்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஃபீபி ஒரு நோட்டும் கவரும் கொண்டுவந்தாள். நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு தோலின் வெளிக்கோடு வரைந்திருந்தது. அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். கவருக்குள் ஷூ டப்பா அட்டையில் வெட்டிய இருபத்தெட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்து.

“எங்க சித்தி பையன் ஜோஸ் பெங்களூர்ல இந்த மாதிரி கேமெல்லாம் பண்ற கம்பெனில இருக்கான். நம்ம வேலையப் பத்தி அவன்கிட்ட சொன்னேன். அதயே ஒரு லெவலா பண்ணலாம்னுட்டு இத அனுப்பிருக்கான். எவ்ளோ கம்மி வேஸ்ட்ல அடுக்க முடியுதுன்னு பாத்து சொல்லணுமாம்.”

“யா அல்லா! நம்ம தோலு கேம்ல வருதா?”

வஜீதாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தன் வேலையை யாரோ எங்கோ ஒரு விளையாட்டாக்கப் போகிறான் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

“வார்த்தை எதுவும் வர்ற மாதிரி தெரியலயே?”

“அது என் வேல. நீ அடுக்கு.”

அதுதானே ஏற்பாடு. அடுக்கினாள். பஸ் குலுங்கலில் துண்டுகள் நழுவாமலிருக்க ஃபீபி இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்துக்கொண்டாள். முதுகுக் கோட்டிலிருந்து ஆரம்பித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் அதன் ஜோடி. ஜோடி பிரிந்தால் ஒரு கால் ஷூ ஒரு நிறம், மறு கால் வேறு நிறமாகிவிடும். முன்பக்கத்துத் துண்டெல்லாம் இறுக்கமான இடத்தில்; நாக்கும் உள்துண்டும் வயிற்றுப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே போனாள். ஃபீபி ஒவ்வொன்றையும் ஏன், ஏன் என்று கேட்டாள். இவளுக்கு நம் வேலைமேல் இவ்வளவு ஆர்வமா என்று வஜீதா பூரித்துப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை மாதனூர் தாண்டும்போது கடைசி ஜோடி மட்டும் மிஞ்சியது. குதிகால் துண்டு. இடம் இருந்தது, ஆனால் அதன் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

“நெசத் தோலா இருந்தா நான் அந்த டேமேஜ் மேலயே வெச்சிடுவேன்” என்றாள் வஜீதா.

“டேமேஜ் மேலயா?”

“இந்த ஓரம் தையலுக்கு அடியில போயிடும்டி. இதும் மேல இன்னொரு துண்டு ஏறும். எவன் கண்ணுக்கும் தெரியாது. ஆனா கேம்ல கறுப்பு மேல வெச்சா அவுட்டு தான?”

ஃபீபி குனிந்து அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தாள்.

“வை. கேம்லயும் வெக்கலாம்” என்றாள்.

வைத்தாள். இருபத்தெட்டும் உட்கார்ந்துவிட்டன. ஃபீபி பென்சிலால் ஒவ்வொரு துண்டையும் சுற்றிக் கோடு போட்டு நோட்டை மூடினாள். “நம்ம பேரு வருமாடி அதுல?” என்று வஜீதா கேட்டதற்கு, “ஜோஸ்கிட்ட சொல்றேன்” என்றாள். கேட்டவளும் சிரித்தாள், சொன்னவளும் சிரித்தாள்.

பத்து நாள் கழித்து ஃபீபி, தன்னைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாள். லேபிள் டைப் அடிக்க ஆள் வேண்டுமென்று மேனேஜரே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாராம். தான் கேட்கவே இல்லையாம். அந்த நாற்காலி நமக்கில்லையே என்று வஜீதாவுக்கு ஒரு கணம் எரிந்தது. எரிந்ததே என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. கூடப் பிறக்காத குறையாக இருக்கிறவள் நல்ல இடத்துக்குப் போகிறாள், அதற்குப் பொறாமைப்படுகிறோமே, நாமெல்லாம் மனுஷியா என்று ராத்திரி தொழுகையில் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் அம்மியை நச்சரித்துப் பால் சேமியா செய்ய வைத்து, டிபன் பாக்சில் கொண்டுபோய் ஃபீபிக்கு ஊட்டிவிட்டாள். ஃபீபி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். இதை நினைத்தால்தான் இன்றைக்கும் வஜீதாவுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

ஆரோக்கியசாமி கான்பூரிலிருந்து வந்தார். வந்தவர் இரண்டு நாள் வஜீதாவின் மேஜைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அவள் கோடு போட்டுக்கொண்டிருந்த தோலைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏம்மா, உனக்கு அவ்ளோ திமிரா?”

“சார்?”

“மூணு வருஷமா மேனேஜர்கிட்ட சண்ட போடறேன். படிப்ப பாக்காதீங்க, கையப் பாத்து எடுங்கன்னு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அந்த நோட்டீஸ்ல இங்கிலீஷ் தேவையில்லன்னு ஒரு லைன் போட வெச்சிட்டுப் போனேன். யாருக்கு? உனக்குத்தான். நீ ஒரு பேப்பர் வாங்கிப் போட்டுத் தரல. வந்து பாத்தா பத்து பேர் எழுதிருக்கான், உன் பேர் இல்ல.”

“எந்தப் பேப்பர் சார்?”

அவர் முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வா என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போனார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வஜீதா அந்த அறைக்குள் கால் வைத்தாள். ஏசி குளிர் முகத்தில் அடித்தது. சுவரில் ஒரு தாளைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள்.

“இது ஃபர்ஸ்ட் வந்தது. பேக்கிங்ல இருந்த பொண்ணு போட்டது. நம்ப முடியுதா? அந்த டேமேஜப் பாரு, தையல் ஓரத்துல மறைச்சிருக்குது. எங்க கத்துக்கிச்சோ.”

வஜீதாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கீழே எழுதியிருந்த பேர் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். மேலே இருந்தது அவள் எழுதியது. முதுகுக் கோட்டின் இரண்டு பக்கமும் அவளுடைய ஜோடிகள், வயிற்றில் அவள் ஒதுக்கின நாக்குகள், மாதனூர் தாண்டி அவள் வைத்த குதிகால். ஒரு கோடு மாறவில்லை. எழுத்துகளை மட்டும் ஃபீபி எடுத்துவிட்டிருந்தாள்.

“இது நான் போட்டது சார்” என்றாள்.

ஆரோக்கியசாமி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் தோலோடு கிடந்த மனுஷன். யார் கை என்று அவருக்குத் தெரியாதா? கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

“ஆள் எல்லாம் எடுத்தாச்சு, ஆர்டர் குடுத்து கையெழுத்தும் ஆயிடுச்சேம்மா. இப்பப் போயி நான் இன்னா சொல்றது? பேரு அவளுது.”

நான்கு அடி தள்ளி, திரையைப் பார்த்தபடி ஃபீபி உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. அவ்வளவும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். சுழல் நாற்காலிதான் அது, சுழலவில்லை.

வெளியே வந்ததும் ஆரோக்கியசாமி தன் மேஜை டிராயரிலிருந்து அந்த நோட்டீசின் நகல் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எதற்குக் கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வேறு கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. வஜீதா அதை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை நின்று கோடு போட்டாள். அன்று அவள் மார்க் பண்ணிய மூன்று தோல் வேஸ்ட்டுக்குப் போயின. யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஏறினபோது ஃபீபியின் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பை இருந்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அல்லது பயமோ என்னவோ. பையை எடுத்து ஃபீபியின் மடியில் வைத்துவிட்டு வஜீதா உட்கார்ந்தாள். பஸ் ஆம்பூரைத் தாண்டியது. பிறகு வஜீதா தாளை எடுத்து நீட்டினாள்.

“படி.”

“வஜீ, நான் சொல்றத மொதல்ல...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அதுல இன்னா இருக்குதோ அத படி. அன்னிக்கு படிச்ச இல்ல, ரெண்டு தபா? இன்னிக்கு ஒரு தபா படி.”

ஃபீபி தாளை வாங்கினாள். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னாள். கம்ப்யூட்டர் ரூமுக்குத் துண்டு அடுக்கும் வேலைக்கு ஆள் தேவை. எந்த செக்ஷனில் வேலை செய்கிறவரும் எழுதலாம். ஆபீசில் ஒரு மாதிரித் தாள் தருவார்கள். வீட்டில் வைத்து அடுக்கி, அடுத்த சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் தேவையில்லை, கம்ப்யூட்டரைக் கம்பெனியே சொல்லித் தரும். அங்கே நிறுத்தினாள்.

“அவ்ளோதானா?”

ஃபீபி உதட்டைக் கடித்துக்கொண்டாள். “ரெண்டு பேரு... ரெண்டு இடம்னு போட்டுருக்குது.”

வஜீதா அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள். இதை ஆரோக்கியசாமி சொல்லவில்லை. மத்தியானத்திலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

“ரெண்டு இடமாடி? ரெண்டு இடமா? கேட்டிருந்தா உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு மாதிரி போட்டுக் குடுத்திருப்பேனேடி! உன்னுத மொதல்ல போட்டுக் குடுத்திருப்பேன். ரெண்டு பேரும் அங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்போம். உனக்கு அது கூடவா தெரியல?”

“தெரியும்” என்றாள் ஃபீபி. அவளும் அழுதுகொண்டிருந்தாள். “ஆனா பத்து பேர் எழுதறாங்க. உன்னுது கண்டிப்பா வந்துடும், என்னுது வராம போயிட்டா? இருக்கறதுலயே நல்லது எதுவோ அது என் பேர்ல இருக்கணும்னு... எனக்கு அந்த லேபிள் ரூம்ல மூச்சு முட்டுது வஜீ. நீ எப்படியும் கல்யாணமாகி நின்னுடுவ, உங்க வீட்ல அனுப்ப மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“யார் சொன்னது?”

“எல்லாரும் அப்படித்தான...”

“நான் சொன்னனா?”

ஃபீபி இல்லையென்று தலையாட்டினாள். வஜீதா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை வந்த வேகத்தில் நின்றுவிட்டது. மூன்று வருஷத்தில் இவள் படித்துச் சொன்னது எத்தனை? எந்த ஓவர்டைம் உண்மை, எந்த லீவு உண்மை, மொபைலில் வந்த எந்த வார்த்தை உண்மை? இனிமேல் எதை எங்கே போய்க் கேட்பது?

“இந்தத் தாள்ல இன்னும் இன்னா இருக்குது? இன்னா முழுங்கின?”

“ஒண்ணும் இல்ல வஜீ. கர்த்தர் மேல ஆணையா அவ்ளோதான். எல்லாத்தையும் படிச்சிட்டேன்.”

அது உண்மைதான். ஃபீபி இந்தத் தடவை ஒரு வார்த்தை கூட விடாமல்தான் படித்திருந்தாள். வஜீதா அவள் கையிலிருந்து தாளை வாங்கினாள். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, கமலத்தின் தோளைத் தொட்டாள்.

“அக்கா, இத கொஞ்சம் படிச்சி சொல்லுக்கா.”

கமலம் திரும்பி இருவரையும் பார்த்தாள். “ஏன்டி, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள உன் ஊரே வந்துடும். பக்கத்துலயே இங்கிலீஷ்காரிய வெச்சிக்கினு என்னாண்ட குடுக்கற?”

“அவ படிச்சிட்டாக்கா” என்றாள் வஜீதா. “நீ படி.”

கமலம் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.